ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் பட்டன்

மெட்ராஸுக்கே விஷம் வைக்கத் திட்டம் போட்டுக் கொடுத்த ஆசாமி மேனாம்பேட்டில் குடியிருக்கிறான், பெயர் துலுக்கானம் என்று அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடைகளில் ஏழெட்டு வருஷமாக ஒரு வதந்தி உண்டு. ஒரே வதந்தி இல்லை, கடைக்கு ஒன்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் கேட்டால், ஏதோ துப்பறியும் படத்தின் வில்லனுக்கு அவன்தான் மூளை, மூட்டையாகப் பணம் வாங்கினான் என்பார்கள். ரயில்வே கேட் பக்கம் கேட்டால், திட்டம் நிஜமாகவே பலித்துவிடும் போலிருந்ததால் டெல்லியிலிருந்து ஜீப் வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது என்பார்கள். மேனாம்பேட்டிலேயே கேட்டால் இன்னும் விசேஷம். ரகசியம் வெளியே போகாமலிருக்க சினிமாக் கம்பெனிக்காரன் அவனுடைய இடது கையில் இரண்டு விரலை வெட்டிவிட்டானாம். விரலை வெட்டினால் ரகசியம் எப்படி நிற்கும், வாயையல்லவா தைத்திருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் துலுக்கானம்தான்.

சரிபார்க்கக் கிளம்பினால் பண மூட்டை வாசலிலேயே அடிபட்டுப் போகிறது. அவன் வீட்டுக் கூரை இன்றைக்கும் பாதி ஓடு, பாதி தகரம். ஜீப் வந்தது வாஸ்தவம். கொசு மருந்து அடிக்க வந்த ஜீப், தெருவில் எல்லார் வீட்டுக்கும்தான் வந்தது. விரல் இல்லாதது மட்டும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய நிஜம். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை. அதை எடுத்தது சினிமாக் கம்பெனி இல்லை. வாஷர் கம்பெனி.

துலுக்கானத்துக்குச் சினிமாப் பைத்தியம் என்று சொல்ல முடியாது. வில்லன் பைத்தியம். கதாநாயகன் மரத்தைச் சுற்றும்போதெல்லாம் பீடி பிடிக்க வெளியே போய்விடுவான். மலைக்கடியில் கதவு இரண்டாகப் பிளந்து வில்லனின் குகை தெரிந்ததும் வந்து நிமிர்ந்து உட்காருவான். பவர் பிரஸ் ஓட்டுகிற தொழிலாளி அவன். குகையை அவன் ஒரு பேக்டரியாகத்தான் பார்த்தான். பார்த்தவுடன் கணக்குகள் உதைத்தன.

"மஞ்ச டிரெஸ்ஸுல நூறு பேரு கீறான். இத்தினி பேருக்குக் கக்கூஸு எங்க?"

முன்வரிசையிலிருந்து யாராவது 'உஷ்' என்பார்கள்.

"முதலைத் தொட்டி கட்டிக்கிறானே, ஹீரோ வராத நாள்ல அது இன்னா துன்னும்? வெடிக்கற குண்டுல எதுக்கு மணி பாக்கற வசதி? யாருக்கு அவசரம்?"

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி சாமுண்டீஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். "ஒரு வக்கீலக் கட்டியிருந்தாக்கூட சினிமாக் கொட்டாய்லயாச்சும் சும்மா இருந்திருப்பான்" என்று அக்கம்பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொல்வாள்.

அவனுக்கு ஆறவே ஆறாத குறை ஒன்று உண்டு. கதாநாயகனைக் கட்டிப்போட்டுவிட்டு அவன் முன்னால் நின்று வில்லன் தன் திட்டத்தை ஆதியோடந்தமாக விளக்குவான் அல்லவா, அதுதான். "எந்த மொதலாளியாவது நாலு பேரு முன்னாடி நின்னுகினு, நான் இன்னா இன்னா தில்லுமுல்லு பண்றேன்னு சொல்லுவானா? வாயே தொறக்க மாட்டான். நான் தெனம் பாக்கறேனே."

பூந்தமல்லியில் அட்டைக்கூரை போட்ட சின்னத் தியேட்டர் ஒன்றில் படம் ஓட்டிக்கொண்டிருந்த பஷீருதீன் அவனுக்குச் சிநேகமானதே இந்தக் குறையால்தான். இடைவேளையில் துலுக்கானம் நேராக மாடியேறி ஆபரேட்டர் அறைக்கே புகார் கொண்டுபோவான். பஷீருதீன் பொறுமைசாலி. "மாமே, நான் ஓட்றவன். எடுத்தவன் கோடம்பாக்கத்துல கீறான். அங்க போயி கேளு" என்பான்.

இனி வாஷர் கம்பெனி. எஸ்டேட்டின் உள்ரோட்டில் ஒரு சின்ன ஷெட். நடுநாயகமாக ஒரு பெரிய பவர் பிரஸ். தகடை உள்ளே வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கி அடிக்கும், வாஷர் விழும். மெஷினின் முன்னால் இரண்டு பச்சைப் பட்டன்கள், ஒன்றுக்கொன்று தோள் அகலம் தள்ளி. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் இரும்பு இறங்க வேண்டும். செய்தவன் புத்திசாலி. இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்க முடியாது.

ஆனால் இரண்டு கையாலும் அமுக்கினால் தகடை யார் தள்ளுவது? ஒவ்வொரு அடிக்கும் கையை எடுத்து, தகடை வைத்து, திரும்பக் கையைக் கொண்டுவர வேண்டும். நேரம் போகிறது. ஆகவே அந்த ஷெட்டில் இடது பட்டனை அமுக்கிய வாக்கில் சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவது வழக்கம். அப்புறம் வலது கை அமுக்கும், இடது கை தகடைத் தள்ளும். வாஷர் மழையாகக் கொட்டும். எண்பத்தேழாம் வருஷம் சித்திரை மாதம் ஒரு மத்தியானம் துலுக்கானத்தின் இடது கை, தகடோடு கொஞ்சம் கூடவே உள்ளே போனது.

முதலாளி வீராசாமிக்குக் கண்ணில் கறுப்புப் பட்டை கிடையாது, சுழல் நாற்காலி கிடையாது. நெற்றியில் விபூதி, வாயில் எப்போதும் ஏலக்காய் மணம். தன் காரிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தினம் சாத்துக்குடி வாங்கி வந்தார். நாலாம் நாள் சாத்துக்குடியோடு ஒரு காகிதமும் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிற பணத்துக்கான காகிதம் என்றார். துலுக்கானம் கையெழுத்துப் போட்டான். உலகத்து வில்லன்களின் திட்டத்திலெல்லாம் ஓட்டை கண்டவன், சாத்துக்குடியில் ஓட்டை இருக்குமென்று நினைக்கவில்லை.

நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீசுக்குப் போனபோதுதான் அந்தக் காகிதத்தை அங்கே படித்துக் காட்டினார்கள். 'பீஸ் கணக்கில் அதிகம் சம்பாதிக்கும் ஆசையில் நானேதான் பட்டனைக் கட்டினேன். முதலாளிக்குத் தெரியாது. தெரிந்ததும் அன்றே அவிழ்த்துவிட்டார்.' பாதுகாப்புக்கு வைத்ததைத் தொழிலாளியே வேண்டுமென்று கெடுத்திருந்தால் நஷ்டஈடு கிடையாது, சட்டம் அப்படி. ஆக, துலுக்கானம் நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ட்யூப் அவன் கட்டியதில்லை, கம்பெனியின் பழக்கம். அவன் மெஷினை விட்டு இறங்கிய பிறகும் அது அங்கேயேதான் இருக்கிறது.

அதை நிரூபிக்க அவனைவிடத் தோதான இடத்தில் யாரும் இல்லை. முதலாளி பரிதாபப்பட்டு அவனுக்கு அரைச் சம்பளத்தில் வாசல் கேட்டில் காவல் வேலை கொடுத்திருந்தார். வேலை சுலபம். வெளியே இருந்து அதிகாரி யாராவது வருவதுபோல் தெரிந்தால் கேட்டில் இருக்கும் மணியை இரண்டு தடவை அடிக்க வேண்டும். மணி கேட்டதும் உள்ளே ட்யூப் அவிழும். அதிகாரி பார்த்துத் திருப்தியாகப் போவார். அவர் ஸ்கூட்டர் முக்குத் திரும்பியதும் ட்யூப் ஏறும்.

"நீ மணி அடிக்காத உட்டா இன்னா?" என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள்.

"அடிக்காத உட்டா நாளைக்கு வேற ஒருத்தன் அடிப்பான்."

தன் வழக்குக்குத் தேவையான ஒரே சாட்சியத்தைத் தன் கையாலேயே மணியடித்து மறைத்துக்கொண்டு, துலுக்கானம் கேட்டில் உட்கார்ந்திருந்தான். இவ்வளவு கச்சிதமான திட்டத்தை அவன் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் சினிமாக் கம்பெனி வந்தது. எஸ்டேட்டுக்கு வாரத்தில் ஒரு நாள் கரெண்ட் கிடையாது, ஷெட்டெல்லாம் தூங்கும். அந்த நாளில் ஜெனரேட்டர் லாரியோடு வந்து வில்லனின் குகையாக வைத்துக்கொள்ள ஷெட்டை வாடகைக்குப் பேசினார்கள். பேசிமுடித்தவர் புரொடக்‌ஷன் மேனேஜர் எத்திராஜ், கக்கத்தில் தோல்பையும் கழுத்தில் கர்ச்சீப்பும் உள்ள மனிதர். அடியாட்களுக்கு ஆள் குறைந்ததால் கம்பெனித் தொழிலாளிகளுக்கே உடுப்பு மாட்டினார்கள். மஞ்சள் சட்டை, ஹெல்மெட், முழங்கை வரை கையுறை, இரும்பு வைத்த பூட்ஸ். பத்து வருஷமாக ரப்பர் செருப்போடு பிரஸ் ஓட்டியவர்கள், வில்லனிடம் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பூட்ஸைப் பார்த்தார்கள்.

இப்போது பிரஸ்ஸை ஓட்டும் ராமன், துலுக்கானத்தின் பழைய கூட்டாளி, பூட்ஸைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்தான். "மச்சான், கேங்குல சேந்துடலாம் போலகீதே."

துலுக்கானத்தின் இடது கையுறையில் இரண்டு விரல் காலியாகத் தொங்கியது. பஞ்சு அடைக்கப் போனவனை எத்திராஜ் தடுத்தார். "அடைக்காத அண்ணாத்தே. வில்லன் ஆளுன்னா இப்டித்தான் இருக்கணும்." வதந்தியின் ஒரு வேர் இந்தக் கையுறைக்குள் இருக்கிறது.

இன்னொரு வேர் சாப்பாட்டு இடைவேளையில் முளைத்தது. கதையில் வில்லன் இன்னா பண்றான் என்று துலுக்கானம் கேட்டான். புழல் ஏரியில் விஷத்தைக் கலந்து மெட்ராஸையே காலி பண்ணப் பார்க்கிறான் என்றார் எத்திராஜ்.

"ஏரில தண்ணி எங்க கீது நைனா? மாடு மேய்து. விஷத்த எதுல கலப்பான், சாணியிலயா?"

எத்திராஜ் சோற்றுப் பருக்கையோடு எழுந்துபோய் டைரக்டரிடம் சொன்னார். தண்ணீர்ப் பஞ்சத்தில் அந்த வருஷம் ஊரே லாரித் தண்ணீரில்தான் குளித்துக்கொண்டிருந்தது. டைரக்டர் ஏரியை அடித்துத் 'தண்ணி லாரி' என்று எழுதிக்கொண்டார். இவ்வளவுதான் துலுக்கானம் வில்லனுக்குச் செய்த ஒத்தாசை. இதற்குக் கிடைத்தது ஒரு வாழைப்பழம்.

மத்தியானம் கடைசிக் காட்சி. பிரஸ்ஸுக்கு அடியில் கதாநாயகனைக் கட்டிப்போட்டுவிட்டு வில்லன் பட்டனை அமுக்க வேண்டும். டைரக்டர் மெஷின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு பட்டன் இருக்கே. வில்லன் ஒரு கையில துப்பாக்கி வச்சிருக்கான். துப்பாக்கிய வாயிலயா கவ்வறது?"

ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வீராசாமி சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். சினிமாக்காரர்களுக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிற சந்தோஷம். "ஒண்ணு போதும் சார். இந்தப் பக்கம் நாங்க எப்பவும் கட்டித்தான் வச்சிருக்கோம். ரெண்டு கையாலயும் ஓட்டச் சொன்னா எனக்கு ஒரு நாளைக்கு எத்தன வாஷர் விழும்? கட்டச் சொன்னதே நான்தான்."

விளக்குப் பிடிக்கிறவர்கள், அடியாட்கள், சமையல்காரர் எல்லாம் சேர்த்து ஐம்பது பேருக்குக் குறையாது. அத்தனை பேர் முன்னால், சத்தமாக, கையை ஆட்டிக்கொண்டு. துலுக்கானம் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ராமனைப் பார்த்தான். ராமன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வில்லன் ஒரு கையில் துப்பாக்கியோடு மறுகையால் பட்டனைத் தட்டினார். இரும்பு இறங்கியது. கதாநாயகனுக்குப் பதில் ஒரு பூசணிக்காய் நசுங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். சாயங்காலம் உடுப்பையும் பூட்ஸையும் எண்ணி வாங்கிக்கொண்டு லாரி போய்விட்டது.

மறுநாளே துலுக்கானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு லேபர் ஆபீசுக்கு ஓடினான். அதிகாரி கெட்டவர் இல்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"அவரே சொன்னாரா? அம்பது பேர் முன்னாடியா?"

"ஆமா சார். கையை ஆட்டிகினு சொன்னாரு."

"எந்த முதலாளியாவது அப்படிச் சொல்வானாய்யா? நீயே யோசிச்சுப் பாரு."

துலுக்கானம் யோசித்துப் பார்த்தான். இந்தக் கேள்வியை இவ்வளவு அழுத்தமாக இதுவரை அவன் ஒருவன்தான் கேட்டு வந்திருந்தான்.

"அம்பது பேர்ல ஒருத்தர, ஒரே ஒருத்தரக் கூட்டிட்டு வா. எழுதிக்கறேன்" என்றார் அதிகாரி.

ராமன் வீட்டுக்குப் போனான். ராமன் டீ வாங்கிக் கொடுத்தான், பீடி கொடுத்தான், வாக்கு மட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் சொன்னான்: "மச்சான், வெரலு இல்லாம கேட்டுல நிக்கலாம். வேல இல்லாம நான் எங்க போயி நிக்கறது? ரெண்டு பொண்ணு கீது எனக்கு."

கோடம்பாக்கத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் எத்திராஜைத் தேடினான். எத்திராஜ் அடுத்த படத்தில் இருந்தார். "நான் சாட்சி சொல்ல வந்தா நாளைக்கி எவன் எனக்கு ஷெட்டு தருவான் அண்ணாத்தே? நீ ஏன் கவலப்படற. படம் வரட்டும். பட்டனு, ட்யூபு, எல்லாம் கிட்டத்துல காட்டிக்கீறோம். அதவிட சாட்சியா?"

பொங்கலுக்கு வந்த படம், பொங்கல் சூடு ஆறுவதற்குள் பட்டணத்துத் தியேட்டர்களை விட்டுக் கிளம்பி மாசியில் பூந்தமல்லிக்கு வந்தது. நாலே நாள். முதல் நாள் மேட்னிக்குத் துலுக்கானம் சாமுண்டீஸ்வரியோடு போய் உட்கார்ந்தான். குகை வந்தது, மஞ்சள் சட்டைகள் வந்தன, லாரித் தண்ணீரில் விஷம் வந்தது. கடைசி ரீலில் திரை முழுக்க அந்தப் பச்சைப் பட்டன் வந்தது. சைக்கிள் ட்யூப், முடிச்சு, முடிச்சில் ஒட்டியிருந்த கிரீஸ்வரை தெரிந்தது. ஒரே கை. இரும்பு இறங்கியது. மூன்று விநாடி. சாமுண்டீஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்வரிசையில் ஒருவன் கத்தினான்: "டேய், மிஷினு ஒரு கையில எறங்குமாடா? காது குத்தறான் பாரு."

துலுக்கானம் திரும்பி, "எறங்கும்" என்றான். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

படம் விட்டதும் மாடியேறினான். "இன்னா மாமே, இன்னிக்கு உன் சத்தத்தயே காணோம்?" என்றான் பஷீருதீன். துலுக்கானம் விஷயத்தைச் சொன்னான். திங்கட்கிழமை விசாரணை, அதுதான் கடைசி. வெள்ளிக்கிழமை மத்தியானம் படப்பெட்டி பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடும். அதற்குள் அதிகாரியை இங்கே அழைத்து வந்து அந்த மூன்று விநாடியைக் காட்டிவிட வேண்டும்.

"அதிகாரி வருவாரா?"

"இனிமேதான் கேக்கணும். இந்தப் பக்கம் வேலயா வந்தா வர்றேன்னு சொல்லுவாரு."

"வில்லன் ப்ளான்லல்லாம் ஓட்ட கண்டுபிடிக்கறவன் நீ. இது முழுக்க அவரு வர்றதுல நிக்குதே, அது தெரியலியா ஒனக்கு?"

"தெரியிது பாய். வேற ப்ளான் இல்ல."

பஷீருதீன் ரீல் பெட்டியை மூடித் தாழ் போட்டான். "வெள்ளிக்கிழம காலைல பத்து மணிக்கு அவர இட்டா. தியேட்டரு மொதலாளி பதினோரு மணிக்கு மேலதான் வருவாரு. நான் ஓட்டறேன்."

அதிகாரி முதலில் ஒப்பவில்லை. "சினிமால மனுஷன் பறக்கறான். பார்த்துட்டு வந்து, மனுஷனுக்கு றெக்கை உண்டுன்னு நான் எழுதறதா?" என்றார். துலுக்கானம் நகராமல் நின்றுகொண்டிருந்தான். கடைசியில், "வெள்ளிக்கிழமை திருமழிசையில ஒரு வேலை இருக்கு. போற வழியில முடிஞ்சா பார்க்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை காலித் தியேட்டரில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். துலுக்கானம், சாமுண்டீஸ்வரி, ராமன். சாட்சி சொல்ல மாட்டேன் என்ற ராமன், தன் முகத்தைத் திரையில் பார்க்க மட்டும் சைக்கிளில் வந்திருந்தான். மேலே பஷீருதீன் புது கார்பன் குச்சி ஒரு ஜோடி மாட்டித் தயாராக இருந்தான். இரண்டு குச்சியும் முனையோடு முனை எரிந்தால்தான் அந்தக் காலத்துப் படம் ஓட்டுகிற மெஷினில் வெளிச்சம். படம் ஓட ஓடக் குச்சி தேயும்.

பத்தரை. வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் துலுக்கானம் மேலே பார்த்துக் கையை ஆட்டினான். கடைசி ரீல் ஓடத் தொடங்கியது. ஸ்கூட்டர் சோடாக்காரருடையது. ரீல் ஓடி முடிந்தது. பதினொன்றேகால் வரை யாரும் வரவில்லை. தியேட்டர் முதலாளியும் வரவில்லை என்பதே அன்றைக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம். மறுபடி ஒரு வண்டிச் சத்தம், மறுபடி ரீல். அது தபால்காரர்.

"மச்சான், அந்த லெப்டு சைடுல நிக்கறது நான்தான். நல்லா கீறேன்ல?" என்றான் ராமன். "இன்னொரு தபா போடச் சொல்லேன்."

பஷீருதீன் இன்னொரு தபாவும் போட்டான். ராமன் கேட்டதற்காக இல்லை. அதற்குள்ளாவது அதிகாரி வந்துவிடுவார் என்று அவனுக்கும் தோன்றிவிட்டது. பட்டன் மூன்றாம் முறை திரை முழுக்க வந்து இரும்பு இறங்குவதற்குள் வெளிச்சம் மங்கிச் சிவந்து அணைந்தது. குச்சி தீர்ந்துபோயிருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பெட்டி பஸ் ஏறியது.

திங்கட்கிழமை அதிகாரி, திருமழிசை வேலை வேறு தேதிக்குத் தள்ளிப்போய்விட்டது என்று நிஜமான வருத்தத்தோடு சொன்னார். துலுக்கானம் படத்தில் உள்ளதைச் சொன்னான். வீராசாமியின் வக்கீல் மறுக்கவே இல்லை. சிரித்தார். "படத்துல ட்யூப் இருக்குங்க, இல்லேங்கல. அது சினிமாக்காரங்க கட்டினது. வில்லன் கையில துப்பாக்கி இருந்ததால கட்டிக்கிட்டாங்க. அப்புறம் இன்னொண்ணு. வில்லன் படத்துல வர்றதெல்லாம் நடக்கவே நடக்காதுன்னு எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியற ஆளு இவரேதானுங்க."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். இத்தனை வருஷமும் எல்லாக் கதையிலும் ஓட்டை கண்டவனுக்கு, வக்கீல் சொன்ன கதையில் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. மனு தள்ளுபடி.

கேட் காவல் வேலை மட்டும் போகவில்லை. வீராசாமி மனசு வைத்தார். செவ்வாய்க்கிழமை காலை ஏதோ ஆபீஸ் ஸ்கூட்டர் உள்ரோட்டில் திரும்பியது, துலுக்கானம் இரண்டு தடவை மணி அடித்தான். இப்போதும் படத்துக்குப் போகிறான். வில்லன் திட்டத்தை விளக்க ஆரம்பித்தால் குறுக்கே பேசுவதில்லை, கவனமாகக் கேட்டுக்கொள்கிறான் என்கிறாள் சாமுண்டீஸ்வரி. அவளுக்கு அதுதான் சகிக்கவில்லையாம்.

பஷீருதீன் அந்த வெள்ளிக்கிழமை எரித்த குச்சிக்குத் தியேட்டர் கணக்கில் பதில் சொல்லியாக வேண்டும். ஆவடியில் வேறொரு ஆபரேட்டரிடம் ஒரு ஜோடி கைமாற்று வாங்கி வைத்துச் சமாளித்தான். ஆவடிக்காரர் காசு வேண்டாம், குச்சியாகவே வேண்டும் என்றார், அப்போது அதற்கு அவ்வளவு தட்டுப்பாடு. துலுக்கானம் எஸ்டேட் முழுக்க அலைந்து ஒரு ஜோடி கறுப்புக் குச்சி கொண்டுவந்து கொடுத்தான். பஷீருதீன் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது இரும்ப உருக்கி எடுக்கற வெல்டிங் குச்சி மாமே, படத்துக்கு ஆவாது" என்றான்.

"இரு பாய், கொண்டாறேன்" என்றான் துலுக்கானம்.

இது எண்பத்தெட்டு பங்குனியில். ஆவடிக்காரர் இடையில் இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். அந்த ஒரு ஜோடி கார்பன் குச்சி இன்னும் போய்ச் சேரவில்லை.